பெண் பேச்சும் காதலும்: ஒரு மயக்கத்தின் ஆய்வு

சங்கரன்கோவிலை அடுத்த பனவடலிசத்திரத்தில் அருளிச்செயல் வாசிக்கும் சிறு கோஷ்டி ஒன்றில், பராங்குச நாயகியின் நிலையை அடியேன் விளக்கிக்கொண்டிருந்தபோது திருநங்கை ஒருவர் எழுந்து வினவினார்: “ஆழ்வார் பெண்ணானார், அதனாலே பெருமாளைக் காதலித்தார் என்கிறீர்கள். எனக்கோ ஆண்துணை வேண்டும் என்ற எண்ணமே எழுந்ததில்லை. அப்படியானால் என் பெண்மை பொய்யா, சுவாமி?” அன்று தக்க மறுமொழி வாயில் வரவில்லை. வினா அவருடையதேயாயினும், பிழை நம் விளக்கத்தினுடையது என்பது பின்னரே புலனாயிற்று.

நாயகி பாவத்தைப் பற்றி இக்காலத்தில் எழுதுவோர் இருவகைப்படுவர். ஆழ்வார்களைத் திருநங்கையரின் முன்னோடிகள் என்பர் ஒரு சாரார். ஆணுக்கு ஆணிடம் எழுந்த காதலே பெண் வேடம் பூண்டது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஒரே மயக்கத்தில் பிறந்தவை. ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பது பாலின அடையாளம்; அவர் நெஞ்சு யாரை நாடுகிறது என்பது பாலீர்ப்பு. முன்னதைச் சொன்ன அளவில் பின்னதும் சொல்லப்பட்டதாகக் கொள்வதே அம்மயக்கம்.

பூருவாசாரியர்கள் இங்குக் காட்டும் நிதானம் கருதத்தக்கது. ஒரு பதிகத்துக்கு அவதாரிகை அருளும்போது, பேசுகிறவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதை முதலில் வரையறுக்கிறார்கள். அந்நிலையில் எவ்வகை அன்பு பெருகுகிறது என்பதைத் தனியே ஆராய்கிறார்கள். திருவாய்மொழியின் 100 பதிகங்களில் 27 பெண் பேச்சாக அமைந்தவை. அவற்றுள் மகள் பேசுவன 17, தாய் பேசுவன 7, தோழி பேசுவன 3. ஆக, 10 பதிகங்களில் ஆழ்வார் பெண்ணாகவே நின்றும் காதலியாக நிற்கவில்லை. இம்மூன்று நிலைகளையும் திருமந்திரத்தின் மூன்று பதங்களோடு பொருத்திக் காட்டும் ஆசார்ய ஹ்ருதயம், தாயையும் தோழியையும் குறைபட்ட பெண்மையாகக் கொள்ளவில்லை.

இதனினும் தெளிவான சான்று பெருமாள் திருமொழி. அதன் ஆறாம் பதிகத்தில் குலசேகரர் ஊடல் கொண்ட ஆய்ச்சியாகிறார்; ஏழாவதில் தேவகியாகிறார்; எட்டாவதில் கோசலையாகித் தாலாட்டுகிறார்; ஒன்பதாவதில் தயரதனாகிப் புலம்புகிறார். ஆய்ச்சிக்கும் தேவகிக்கும் பெண்மை பொது, அன்பு வேறு. தேவகிக்கும் தயரதனுக்கும் அன்பு பொது, பால் வேறு. அடுத்தடுத்த நான்கு பதிகங்களில் ஓர் ஆழ்வாரே இவ்விரண்டையும் பிரித்து நடத்திக் காட்டியிருக்க, பெண்மை என்றாலே ஆண்மேற் காதல் என்று நாம் முடித்துக்கொண்டது எவ்வாறு?

இங்கு ஒரு தடை எழலாம். புருஷோத்தமன் ஒருவனே ஆண், ஏனைய ஆன்மாக்கள் யாவும் பெண் தன்மையன என்பது நம் சம்பிரதாயக் கொள்கையன்றோ? அக்கொள்கை பெண்மையையும் காதலையும் பிணைத்துவிடவில்லையோ? பிணைக்கவில்லை. அங்குப் பெண்மை என்றது பாரதந்திரியத்தை; அது ஆன்ம சொரூபம், தேக தர்மமன்று. தயரதனுக்கும் அது உண்டு, கோஷ்டியில் வீற்றிருக்கும் ஆடவர் அனைவருக்கும் உண்டு. அவர்களுடைய இல்லறத்தை அதைக்கொண்டு அளவாதவர்கள், ஒரு திருநங்கையின் நெஞ்சை மட்டும் அதைக்கொண்டு அளப்பது நீதியாகாது. இதே காரணத்தால், ஆழ்வார்களைத் திருநங்கையர் என்று பெயரிடுவதும் பொருந்தாது. பாவனையின் முதிர்ச்சியால் வந்தேறிய நிலை வேறு. நாள்தோறும் ஊராரிடையே வாழ்ந்து காட்ட வேண்டிய வாழ்வு வேறு.

கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் அரவானுக்காகத் தாலி ஏற்பது, கண்ணன் மோகினியாகி அவனை மணந்த கதையை ஒட்டியது. அக்கதையில் பெண்ணுருவும் மணமும் ஒருங்கே வருகின்றன. அதனால் எல்லாத் திருநங்கையர்க்கும் அதுவே இலக்கணம் என்று உலகம் கருதிவிட்டது.

நீதிமன்றங்கள் இதில் நம்மினும் தெளிவாக இருந்தன. 2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பாலின அடையாளமும் பாலீர்ப்பும் வெவ்வேறு கருத்துகள் என்று வகுத்துரைத்தது. ஆழ்வார்திருநகரி அமைந்த தூத்துக்குடி மாவட்டத்திலேயே, ஓர் ஆடவரும் திருநங்கையும் 2018இல் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தபோது, மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22ஆம் நாள், 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. அவர் பெண் என்பது முதலில் ஏற்கப்பட்டது. அதனால் மணமகள் ஆனார். மணம் புரிந்ததனால் பெண்ணானார் என்று அத்தீர்ப்பு கூறவில்லை. இவ்வரிசை மாறினால், மணத்தை விரும்பாத திருநங்கையும், பெண்ணையே விரும்பும் திருநங்கையும் தம் பெண்மையை இழந்தவராகிவிடுவர்.

அன்று வினவியவருக்கு உரிய மறுமொழி இதுவே: காதலியாக நில்லாத தாயும் தோழியும் அருளிச்செயலில் பெண்களே. அவர்களிடம் நாம் கேளாத சான்றை உங்களிடம் கேட்பதற்கு நம் வியாக்கியானங்களில் இடமில்லை. அடுத்த வாசிப்பில் பராங்குச நாயகிக்கு முன்பாகப் பெருமாள் திருமொழியின் இந்நான்கு பதிகங்களையும் சேவிப்பதாக எண்ணம். அவரும் வந்திருந்து கேட்க வேண்டும்.