சேசிஸும் பாடியும்

தழுவல் என்ற சொல் நம்மிடையே மலினப்பட்டுக் கிடக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கிய காலந்தொட்டு, ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்கிற நினைப்பு நமக்கு. ஒரு படைப்பில் எது இடம்பெயரும், எது பெயராது என்ற கேள்வியை நாம் தீவிரமாகக் கேட்டுக்கொண்டதில்லை. என்னை அப்படிக் கேட்க வைத்தது ஒரு கார் நிகழ்ச்சி. இலக்கியப் பத்திரிகையில் டெலிவிஷனுக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். பிரச்னை நம்முடையதுதான்.

பி.பி.சி.யின் ‘டாப் கியர்’ 1977-ல் தொடங்கியபோது, கார் வாங்குகிறவனுக்குத் தகவல் சொல்லும் சாதாரண நிகழ்ச்சி. 2002-ல் அது ஜெரமி கிளார்க்சனின் தலைமையில் வேறு உருவம் கொண்டது. பழைய விமானத் தளம் ஒன்று, சுற்றி நின்று பார்க்கும் கூட்டம், முகத்தை மறைத்துக்கொண்டு வாயே திறக்காத ஓட்டுநர், ஒருவரையொருவர் மட்டம் தட்டிக்கொள்ளும் மூன்று பேர். இந்த உருவம் அமெரிக்காவுக்கு விலைபோயிற்று. 2008-ல் என்.பி.சி. ஒரு மாதிரிப் பகுதி எடுத்து, ஒளிபரப்பாமலே விட்டது. 2010 நவம்பரில் ஹிஸ்டரி சானலில் அது வந்தது. நகைச்சுவையாளர் ஆடம் ஃபெராரா, பந்தய ஓட்டுநர் டேனர் ஃபௌஸ்ட், பந்தய விமர்சகர் ரட்லெட்ஜ் உட் ஆகிய மூவர் நடத்தினார்கள்.

நகல் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தார்கள். அங்கே போலவே விமானத் தளம், அதே முகமூடி ஓட்டுநர், சின்னக் காரில் சுற்றிவரும் நட்சத்திரம். கிளார்க்சன் ஒரு லோட்டஸ் காரில் அபாச்சே ஹெலிகாப்டருக்குத் தப்பி ஓடிக் காட்டியிருந்தார். அமெரிக்க நிகழ்ச்சியின் முதல் பகுதியிலேயே வைப்பர் காரைக் கோப்ரா ஹெலிகாப்டர் துரத்தியது. எல்லாம் இருந்தது, ஜீவன் இல்லை. மூவரும் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்கு அடியில் எதுவும் இல்லை.

மூலத்தில் அடியில் இருந்தது என்ன? ஒரு தோல்வி. கார் செய்து உலகுக்கு விற்ற தேசம் அந்தத் தொழிலைப் பறிகொடுத்த கதை. பிரிட்டிஷ் லேலண்ட் 1975-ல் அரசாங்கத்தின் கைக்குப் போனது, ரோவர் 2005-ல் மூழ்கியது. 2007-ல் ஒரு பகுதியில் மூவரும் பழைய பிரிட்டிஷ் லேலண்ட் கார்கள் மூன்றை வாங்கி, உள்ளே தண்ணீரை நிரப்பி, ஒழுகித் தீர்வதற்குள் எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்க்கிறார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் அது இழவு வீட்டில் பங்காளிகள் செத்தவரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு. உறவு இருப்பவன்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

இதே லேலண்ட் என்ற பெயர் எங்கள் பக்கத்தில் என்ன தொனியில் ஒலிக்கிறது என்று யோசித்தேன். 1948-ல் ஆஸ்டின் கார்களைக் கோக்கத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1980-ல் ஓசூரில் ஆலை வந்தது. மத்தூரில் ஒருவர் “பையன் லேலண்ட்ல இருக்கான்” என்று சொன்னால், பெண் வீட்டார் அடுத்த கேள்வி கேட்பதில்லை. லண்டனில் அவமானமாகிவிட்ட ஒரு சொல் இங்கே ஜாதகப் பொருத்தத்தில் சேர்ந்துவிட்டது. சொல் வந்து சேர்ந்தது, தொனி வரவில்லை. வந்திருக்கவும் முடியாது.

லாரிக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வருவதுண்டு. அவற்றில் சேசிஸுக்கு ஒரு கணக்கு, பாடி கட்டுவதற்குத் தனியாக ஒரு கொட்டேஷன். ஆலையிலிருந்து வெறும் சேசிஸாக வெளியே வரும் வண்டி, நாமக்கல்லில் லாரியாகிறது, கரூரில் பஸ்ஸாகிறது. திருச்செங்கோட்டில் அதன் முதுகில் போர்வெல் ரிக் ஏறுகிறது. அந்த வேலை இங்கிலாந்து லேலண்டின் கனவிலும் வந்திராது. எந்தச் சாலை, எந்தச் சுமை என்று அறிந்தவன்தான் பாடி கட்டுகிறான். தழுவல் என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உருவம் சேசிஸ், அதை வாங்கலாம். தொனியை இங்கேதான் கட்டியாக வேண்டும்.

அமெரிக்கர்களுக்கு இது தெரியாததல்ல. லண்டனில் குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கும் அப்பன்-மகன் கதையான ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’, 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் ஒரு கறுப்பினத் தகப்பனும் மகனுமாக ‘சான்ஃபோர்ட் அண்ட் சன்’ ஆயிற்று. வாட்ஸ் 1965-ல் கலவரத்தில் எரிந்த இடம். அந்தக் காயத்தின் மேல்தான் சிரிப்பு கட்டப்பட்டது. ‘டாப் கியர்’ அமெரிக்க வடிவமும், சாராயம் கடத்தத் தோதான மலிவுக் கார் எது என்று மூவரும் போட்டி போட்ட பகுதியில் முதன்முறையாக மூச்சு விடுகிறது. நாஸ்கார் பந்தயத்தின் வேர் அந்தக் கடத்தலில் இருக்கிறது. கர்நாடகச் சரக்கு எல்லை தாண்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கும் அது புரிகிறது. போகப்போக ஸ்டுடியோவையும் நட்சத்திரத்தையும் உதிர்த்துவிட்டுச் சாலையில் இறங்கிய நிகழ்ச்சி, 2016 வரை ஓடியது.

மறுபக்கச் சாட்சியும் உண்டு. 2011 டிசம்பரில் கிளார்க்சன் குழு இந்தியப் பயணத்தை ஒளிபரப்பியது. ஜாகுவார் காரின் பின்புறம் கக்கூஸ் பொருத்திக்கொண்டு நம் ஊர்களில் ஓட்டினார்கள். லண்டனிலிருந்த இந்தியத் தூதரகம் ஆட்சேபித்தது. ஜாகுவார் கம்பெனியே 2008-லிருந்து டாட்டாவின் உடைமை. தன்னைத்தானே கேலி செய்துகொண்ட தொனி, பாடி மாற்றாமல் இன்னொருவன் தெருவுக்கு வந்தபோது வெறும் வசவாகிவிட்டது.

இனி நம் கதைக்கு வரலாம். எண்பதுகளில் சிறுபத்திரிகைகள் வழியாக லத்தீன் அமெரிக்க எழுத்து நம்மிடம் வந்தது. மார்க்வெஸின் மாயத்துக்கு அடியில் 1928-ல் வாழைத்தோட்டத் தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்ட நிஜம் இருக்கிறது. நாம் அந்த நிஜத்தை விட்டுவிட்டு வானத்தில் பறப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். நமக்குத் துப்பாக்கிச் சூடுகள் இல்லாமலா போயின? 1968-ல் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்களே! அதை வைத்துக் கட்ட வேண்டிய தொனியைக் கட்டாமல், கொலம்பியாவின் தொனியைத் தமிழில் பேசிப் பார்த்தோம். இன்றும் பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பத்திரிகைக்கு வரும் கவிதைகளில் பாதி இந்த ரகம் என்பது ஆசிரியருக்கும் தெரியும்.

வெறும் சேசிஸும் சாலையில் ஓடும். அதில் பாரம் ஏற்ற முடியாது.