எண்ணெய் நின்ற இடம்

விவிலியத்தில் இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கடன்காரன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். வீட்டில் இருப்பது ஒரு குடம் எண்ணெய் மட்டும். தீர்க்கதரிசி எலிசா சொன்னபடி அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றுகிறாள். ஊற்ற ஊற்ற வருகிறது. பாத்திரங்கள் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றுவிடுகிறது.

பிரசங்கங்களில் பெருகிய எண்ணெயைப் பற்றித்தான் கேட்டிருக்கிறேன். நின்ற எண்ணெயைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கடவுள் எல்லாம் வல்லவர்தானே, அப்புறம் ஏன் நிற்கணும்? வாசகனாக எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

மன்னா கதையிலும் இதே கணக்குதான். வனாந்தரத்தில் யார் எவ்வளவு வாரிக்கொண்டு வந்தாலும், அளந்து பார்த்தால் அவரவர் தேவைக்குச் சரியாக இருக்கிறது. ஓய்வுநாளுக்காக வைத்ததைத் தவிர, நாளைக்கு இருக்கட்டும் என்று பதுக்கியது விடிவதற்குள் புழுத்து நாறுகிறது. கானான் நாட்டு விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோனதாக யோசுவா நூல் குறித்துவைக்கிறது.

உயிர்த்தெழுதலைத் தவிர்த்தால், நான்கு சுவிசேஷங்களிலும் வரும் ஒரே அற்புதம் 5000 பேர் பசியாறிய கதை. அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று சொல்வது யோவான் மட்டும். ஏழைகளின் அப்பம் அது. அதைக் கொண்டுவந்தது ஒரு சிறுவன் என்பதையும் அவர்தான் சொல்கிறார். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், வீணாகக் கூடாதென்று மிச்சத் துண்டுகளைச் சேர்க்கச் சொல்கிறார் இயேசு. 12 கூடை சேர்கிறது. 5 அப்பத்தை இவ்வளவு பெருக்கியவர் எதற்குத் துண்டு பொறுக்கச் சொல்லணும்? பெருக்கத் தெரிந்த கைக்குச் சிக்கனமும் தெரிந்திருக்கிறது.

கூட்டம் அவரைப் பிடித்து ராஜாவாக்கப் பார்க்கிறது. அவர் தனியாக மலைக்குப் போய்விடுகிறார். 40 நாள் பட்டினிக்குப் பிறகு கல்லை அப்பமாக்க மறுத்தவரும் இவர்தான். தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்க’ளில் வரும் விசாரணைக் கிழவர் கிறிஸ்துவைக் குற்றம்சாட்டுவது இங்கேதான். அப்பத்தைக் காட்டியிருந்தால் மனிதகுலம் முழுவதும் கீழ்ப்படிந்து பின்னால் வந்திருக்குமே என்பது அவர் வாதம். கிழவரைப் பொறுத்தவரை அப்பம் ஆள்வதற்கான கருவி. யோவானின் கதையில், அப்பம் ஆட்சியாக மாறப்போகிற நேரத்தில் கொடுத்தவர் கிளம்பிவிடுகிறார். அந்த வல்லமை எனக்குத் தெரிவது இந்த விலகலில்தான்.

இந்த வாசிப்புக்கு ஒத்துவராத கதையும் உண்டு. கானாவூர்க் கல்யாணத்தில் 6 கற்சாடித் தண்ணீர் மொத்தமும் திராட்சை ரசமாகிறது. தேவைக்கு ரொம்ப அதிகம் அது. ஆனால் அங்கும், ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தியைக் கவனித்தவனுக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

உண்மையில் என்னை உறுத்துவது வேறொன்று. உன் பானை நிரம்பவில்லையென்றால் உன் விசுவாசத்தில்தான் குறை என்று சொல்லிவிடுகிறது இன்றைய செழிப்புப் பிரசங்கம். பசித்தவன்மேலேயே பழியைப் போடும் வேலை இது. எலியா காலத்துப் பஞ்சத்தில் மாவு தீராத பானை யாருடையது? சாறிபாத் ஊர் விதவையுடையது. அவள் இஸ்ரவேல்காரியே இல்லை, சீதோன் நாட்டுக்காரி. எலியாவிடம் பேசும்போது “உன் கடவுள்” என்றுதான் சொல்கிறாள்.

லூக்கா 4ஆம் அதிகாரத்தில் இதை இயேசுவே நாசரேத்து ஜெப ஆலயத்தில் எடுத்துப் பேசுகிறார். மூன்றரை வருஷப் பஞ்சத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தியிடமும் எலியா அனுப்பப்படவில்லை என்கிறார். கேட்டவர்கள் கொதித்துப்போய், மலை விளிம்புக்கு இழுத்துப்போய் அவரைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். சொந்த ஊர்க்காரர்களே தாங்கிக்கொள்ளாத பேச்சு அது.

அந்த மற்ற விதவைகளின் பானைகள் என்ன ஆயின? பதில் இல்லை. எல்லாம் வல்லவர் என்ற சொல் இந்த இடத்தில் தடுமாறத்தான் செய்கிறது. விசுவாசி அதைத் தன் கடவுளிடமே கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் சுவிசேஷம் அவர்கள் இருந்ததை மறைக்கவில்லை, அவர்கள்மேல் குற்றமும் சுமத்தவில்லை. நிரம்பிய பானையை மட்டும் காட்டிச் சாட்சி சொல்கிறவர்களைவிட, கதை இந்த விஷயத்தில் நேர்மையாக இருக்கிறது.