சத்தம் வராத அலமாரி

ஆன்னா ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1999இல் செய்த ‘என் அம்மாவின் அலமாரிகளும் என் அப்பாவின் சொற்களும்’ கைக்கு அடக்கமான புத்தகம். படங்களில் ஆள் கிடையாது. திறந்த அலமாரி, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகப் பீங்கான்கள், வரிசை கலையாத கண்ணாடிக் குவளைகள். கூடவே ஓரிரு வரி. நெடுநாள் நோயில் இருந்த அப்பா வீட்டுப் பெண்கள்மேல் கொட்டிய வசவுகள் அவை. வெட்டுவேன், கிழிப்பேன் என்கிற ரகம். மகள் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த வசவுகளுக்கு ஃபாக்ஸ் தேர்ந்த எழுத்துருதான் என்னை உலுக்கியது. கல்யாணப் பத்திரிகைக்குப் போடுவதுபோல நெளிவும் சுழிவுமாக ஓடுகிறது. எழுத்து பொடி, புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். படிக்கத் தொடங்கும்போது அழகு, வரி முடிவதற்குள் வயிற்றைப் பிசைகிறது. கண் தானாகப் படத்துக்குத் திரும்புகிறது. சற்றுமுன் லட்சணமாகத் தெரிந்த அதே தட்டடுக்கு, இப்போது யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கியதாகத் தெரிகிறது. ஒரு குவளை இடம் மாறினால் என்ன நடக்கும் என்று எனக்கே பதறுகிறது. அலமாரியை மட்டும் எடுத்து இத்தனையையும் சொல்லிவிட்டாரே!

குடும்ப வன்முறை என்றால் கேமரா காயத்தைத் தேடிப் போகும். அமெரிக்காவில் டோனா ஃபெராட்டோ அப்படித்தான் அடி விழும் கணத்தையே படமெடுத்தார். அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம். மார்த்தா ராஸ்லரின் வழி வேறு. 1975இல் அவர் எடுத்த ஆறு நிமிடக் கறுப்பு வெள்ளை வீடியோ ‘செமியாட்டிக்ஸ் ஆஃப் தி கிச்சன்’. சமையல் நிகழ்ச்சிபோலவே மேசைக்குப் பின்னால் நின்று, ஆங்கில அகரவரிசையில் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பேர் சொல்லிக் காட்டுகிறார். ஐஸ் உடைக்கும் ஊசி வந்ததும் ஓங்கிக் குத்துகிறார். அகப்பையால் இல்லாத சூப்பை மொண்டு பக்கவாட்டில் வீசி எறிகிறார். முகத்தில் மட்டும் சலனமே இல்லை. பாத்திரம் ‘ணங்’கென்று விழும் ஓசையிலேயே அடுப்படியின் கோபத்தை அறிந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபாக்ஸின் அம்மா வீட்டில் அந்த ‘ணங்’ கூட இல்லை. அதனால்தான் எனக்கு அந்தச் சின்னப் புத்தகம் ஒரு படி மேல். ஒவ்வொரு முறையும் அதை மெதுவாகத்தான் மூடுகிறேன், சத்தம் வந்துவிடாமல்.