ஓரத்தில் ஒதுக்கும் விதி

சைக்கிள்காரர்களுக்கு விதி வகுக்கும் காலம் மறுபடி வந்திருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 138(1ஏ) பிரிவின்படி, நடந்து போகிறவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் உரிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைச் சொன்னதும் நம் பக்கத்தில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "புதுசா வகுக்க என்ன இருக்கு? பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததைக் கடைப்பிடித்தாலே போதும்." ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் கொண்டாடும்போது ஒலிபெருக்கியில் கேட்பதும் அதே பட்டியல்தான். இடது ஓரமாகப் போ, ஜோடி போட்டுப் போகாதே, டபுள்ஸ் ஏற்றாதே, இருட்டினால் விளக்கு போடு, திரும்புமுன் கை காட்டு, ஹேண்டில்பாரில் பை மாட்டாதே. இந்தப் பட்டியலின் முதல் விதியே கோணல் என்பது என் கட்சி.

மற்ற விதிகளோடு எனக்குச் சண்டை இல்லை. விளக்கில்லாமல் ராத்திரியில் போகிறவரைக் கண்டு ஒதுங்க எந்த ஓட்டுநராலும் முடியாது. பின் மட்கார்டில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் சொற்பச் செலவில் உயிர் காக்கிற பொருள். கேரியரில் ஆள் உட்கார்ந்தால் வண்டி அலையும், பிரேக் சட்டென்று பிடிக்காது. சைக்கிளுக்கு வரி கட்டித் தகர வில்லை மாட்டிய காலத்திலிருந்தே, விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட நாளிலிருந்தே, இவை பயன் தந்தவை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். அவ்வளவுதான், இனி ஓரத்துக்கு வருவோம்.

இதைப் புதுக்கோட்டையிலிருந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் சைக்கிள் ஓட்டுவதை எழுத்தறிவோடு சேர்ந்த பாடமாகவே ஆக்கியது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். அந்த அலையைப் பற்றி பி. சாய்நாத் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் குடுமியான்மலைக் கல்குவாரிப் பெண்களும் வருகிறார்கள். மெயின் ரோட்டிலிருந்து ஒதுங்கிக் கிடந்த இடங்களில் வேலைபார்த்தவர்கள் அவர்கள். சைக்கிள் தெரிந்தால்தான் நாலு இடம் போய்வர முடியும் என்று கற்றுக்கொண்டார்கள், பிறருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாதபோது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டார்கள். பிறகு 2001-இல் தொடங்கி விலையில்லா சைக்கிள் திட்டம் வந்தது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கெல்லாம் அது விரிந்தது. பெண்ணை ஓட்டக் கற்றுக்கொடுத்தாயிற்று, பிள்ளைக்கு வண்டியும் கொடுத்தாயிற்று. ரோட்டில் அவர்களுக்கு இடம் எது என்ற கேள்விக்கு மட்டும் நாம் சொன்ன ஒரே பதில், "ஓரமாப் போ."

அந்த ஓரத்தை ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது குடுமியான்மலை. கோயிலின் இசைக் கல்வெட்டைப் பார்க்க வரும் வேன், அண்ணா பண்ணைக்கும் வேளாண் கல்லூரிக்கும் போகிற வண்டிகள், டவுன் பஸ், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர், எல்லாம் ஓடுவது எதிரும் புதிருமாக இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலத்தில். இந்த வட்டாரத்துச் சாலைகளில் தார் முடிகிற இடம் வெட்டினாற்போல் நிற்கும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாருக்கு மேலேயே புதுத் தாரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பக்கத்து மண்ணை யாரும் உயர்த்துவதில்லை. மழை அந்த மண்ணை இன்னும் அரித்துக்கொண்டு போகிறது. ஆகவே விளிம்பில் சில இடங்களில் நான்கு விரல், சில இடங்களில் ஒரு சாண் பள்ளம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். ரோட்டை ஒட்டிய வீடுகள் பள்ளத்தில் போய்விடக்கூடாது என்ற கவலை அதில் இருந்தது. சைக்கிள் பள்ளத்தில் போவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

விளிம்பைத் தாண்டினால் உதிரி ஜல்லி, டிப்பரிலிருந்து சிந்திய மணல், சீமைக் கருவேல முள். அறுவடைக் காலத்தில் கொள்ளோ எள்ளோ ரோட்டின் அந்த ஓரத்தில்தான் காயும். பஞ்சர் கடைக்காரரைக் கேட்டால் டியூபில் முள் எங்கிருந்து ஏறுகிறது என்று சொல்வார். தாரின் நடுவில் முள் கிடப்பதில்லை. கனத்த சக்கரங்கள் அதை ஒதுக்கிவிடுகின்றன. எங்கே ஒதுக்குகின்றனவோ அங்கேதான் சைக்கிளைப் போகச் சொல்கிறது விதி.

விபத்து எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். ஒரு மாணவி விளிம்பை ஒட்டியே போகிறாள். பின்னாலிருந்து ஏர்ஹாரன். பயந்து தாரை விட்டு மண்ணில் இறங்குகிறாள். லாரி போனதும் மறுபடி ஏற வேண்டும். நேராகத் திருப்பி ஏற இடமில்லை, வேகமும் இல்லை. ஆகவே சாய்வாக ஏறப் பார்க்கிறாள். முன்சக்கரம் தாரின் விளிம்பில் உரசி ஏறாமல் வழுக்குகிறது. ஹேண்டில்பார் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். ஏறுவதற்காகத் தார்ப்பக்கமே அவள் சாய்ந்திருப்பதால், விழுவதும் வலப்பக்கம், தாரின் மேல். பின்னால் இரண்டாவது வண்டி வந்துகொண்டிருந்தால் அப்புறம் சொல்ல எதுவும் இல்லை. இதில் அவள் மீறிய விதி எது? ஒன்றுமில்லை. விதியைக் கடைப்பிடித்ததால்தான் அவள் விளிம்பில் இருந்தாள்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தாலும் ஓரம் காப்பாற்றுவதில்லை. விளிம்பை ஒட்டிப் போகிற சைக்கிளைப் பார்க்கும் ஓட்டுநருக்கு, இடம் இருக்கிறது, அப்படியே போய்விடலாம் என்றுதான் தோன்றும். ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், வேகத்தைக் குறைக்காமல், எதிரே பஸ் வந்தாலும் பொருட்படுத்தாமல் நுழைத்துவிடுவார். கனரக வண்டி பக்கத்தில் கடக்கும்போது அதன் காற்று முதலில் சைக்கிளைத் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். குடமோ தீவனக் கட்டோ கட்டிய சைக்கிள் அந்த அலைச்சலுக்கு இடம் இல்லாமல் தள்ளாடும். அதே சைக்கிள் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே போனால் ஓட்டுநர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: காத்திருப்பதா, எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து நன்றாக விலகிப் போவதா. தடுமாறினால் சைக்கிள்காரருக்கு இடப்பக்கம் இரண்டடி மிச்சமும் இருக்கும். வளைவில் இது இன்னும் முக்கியம். இடப்பக்க வளைவின் உள்விளிம்பில் ஒட்டிப் போகிறவரை, புதர் மறைக்கும் அந்த இடத்தில், பின்னால் வருகிறவர் கடைசி நொடியில்தான் பார்ப்பார்.

வலப்பக்கம் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். கை காட்டித் திரும்பு என்கிறது பட்டியல். ஆனால் ஓரத்திலேயே கிடக்கும் ஒருவர், வலப்பக்கத்து ஊருக்குத் திரும்ப, மொத்த ரோட்டையும் ஒரே மூச்சில் வெட்டிக் கடக்க வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே மெல்ல நடுவுக்கு வந்தால் "நடுரோட்டில் வருகிறான்" என்று ஏச்சு. ஒரு விதியைக் கடைப்பிடித்தால் மற்றதைப் பத்திரமாகக் கடைப்பிடிக்க முடிவதில்லை. பட்டியல் எழுதியவர்கள் இதை யோசித்த தடயம் இல்லை.

நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற பிரிட்டன் 2022 ஜனவரி 29-இல் தன் நெடுஞ்சாலை விதித்தொகுப்பைத் திருத்தியது. சந்தடி குறைந்த சாலையிலும் சந்திப்பை நெருங்கும்போதும் சைக்கிள் தன் தடத்தின் நடுவில் போகலாம்; சந்தடியான சாலையில் ஓரக்கல்லிலிருந்து குறைந்தது அரை மீட்டராவது தள்ளிப் போக வேண்டும் என்கிறது அது. சைக்கிளை முந்துகிற மோட்டார் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும், வேகம் கூடினால் இன்னும் அதிகம் என்றும் சொல்கிறது. ஜெர்மனி 2020-இல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் என்று சட்டமாக்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2014-லேயே ஒரு மீட்டர், 60 கிலோமீட்டருக்கு மேல் வேகமானால் ஒன்றரை மீட்டர் என்று வைத்தது. இங்கெல்லாம் விதியில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் மோட்டார் வைத்திருப்பவர் தலையில் இருக்கிறது. நம் பட்டியலில் ஓட்டுநருக்கு ஒரு வரிகூட இல்லை. எல்லாக் கட்டளையும் மிதிக்கிறவருக்கே.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். "லண்டன் கதை இங்கே எதற்கு? பிள்ளையை நடுரோட்டில் விடச் சொல்கிறீர்களா? ஓரமாகப் போனால் உயிராவது மிஞ்சும்." பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற தாயின் வாயிலிருந்து வரும்போது இந்தப் பயம் நியாயமானது. முந்துகிறவனுக்கு எண்ணோடு விதி இல்லாத ஊரில் தனியாக ஒருத்தி உள்ளே ஏறிப்போவது ஆபத்துதான். ஆனால் அதிகாரியின் வாயிலிருந்து வரும்போது இது சாக்குப்போக்கு. பயத்தை உண்டாக்குகிறவனை விட்டுவிட்டு, பயப்படுகிறவளுக்கு விதி எழுதுவதற்குப் பாதுகாப்பு என்றா பெயர்? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் சைக்கிளில் சென்றவர்கள் 4,836 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. நூற்றில் மூன்றுதானே என்று இதையும் தள்ளுகிறவர்கள் உண்டு. சைக்கிள் மோதி லாரிக்காரர் இறப்பதில்லை என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓர விதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது விபத்துக்குப் பிறகு தொடங்குகிறது. காவல் நிலையத்திலும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் முதலில் எழும் கேள்வி, சைக்கிள் எங்கே வந்தது என்பதுதான். "நடுரோட்டுக்கு வந்துவிட்டார்" என்ற ஒரு வரி போதும். அடிபட்டவரின் பங்குக் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் வாதாடலாம். பள்ளத்தைத் தவிர்க்கத்தான் உள்ளே வந்தார் என்று சொல்ல இறந்தவர் வரப்போவதில்லை. பள்ளத்தை விட்டுவைத்த துறையை யாரும் கூண்டில் ஏற்றுவதும் இல்லை. உயிரோடு இருக்கும்போது காக்காத விதி, செத்த பிறகு எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து நிற்கிறது. இதைவிட மோசமான விதி ஒன்றை வேண்டுமென்றே எழுதினாலும் எழுத முடியுமா என்பது சந்தேகம்.

ஆகவே புதிய விதிகளைத் தமிழக அரசு எழுதும்போது, பழைய பட்டியலை அச்சுப்பிழை திருத்தி வெளியிட்டால் போதாது. முந்துகிற மோட்டார் வண்டி ஐந்தடி விட வேண்டும் என்று எண்ணோடு எழுதட்டும். சைக்கிள் இடப்பக்கம் போகட்டும், ஆனால் விளிம்பிலிருந்து தள்ளிப் போகும் உரிமையோடு போகட்டும். தார் போடும் ஒப்பந்தக்காரர் மண் ஓரத்தைத் தாரின் மட்டத்துக்குக் கெட்டிப்படுத்தாமல் பில் வாங்கக்கூடாது என்று ஆகட்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வில் சைக்கிளை முந்துவது ஒரு கேள்வியாகட்டும். இந்த நான்கும் வந்த பிறகு பிள்ளைகளுக்கு எத்தனை விதி வேண்டுமானாலும் சொல்லிக்கொடுங்கள், நானும் கூட வருகிறேன். அதுவரை "ஓரமாகப் போ" என்பது தார் முழுவதையும் டிப்பர் லாரிக்கு எழுதிக்கொடுத்த பட்டாதான். அதைப் பாதுகாப்பு விதி என்று பள்ளிக்கூடங்களில் இனியும் கற்றுக்கொடுக்கக்கூடாது.