வளைவுக்கு 33, நேர்ப்பாதைக்கும் 33ஆ?

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான தடம் 1909இல் முடிந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒற்றைத் தடமாக இருந்த அந்தப் பாதையில், இன்று குளுவாங், கூலாய் வழியே மின்சார இரயில்கள் எதிரெதிரே கடக்கின்றன. இந்தக் காட்சியை வீட்டு அறையில் மாதிரியாக அமைக்க எளிய வழி ஜப்பானின் ஆயத்தத் தண்டவாளம். கேட்டோ நிறுவனத்தின் என்-ஸ்கேல் வளைவுகள் 249, 282, 315, 348 மி.மீ. ஆரத்தில் வருகின்றன, அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே எப்போதும் 33 மி.மீ. இன்னொரு ஜப்பானிய நிறுவனமான தோமிக்ஸுக்கு அது 37.

இந்த முறையின் பெரிய பலம், கணக்கை நம் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. மேற்கு ஜப்பான் இரயில் நிறுவனம் மலேசிய இரயில் நிறுவனமான கே.டி.எம்முக்கு அளித்த, ‘14’ என்ற வரிசையைச் சேர்ந்த நீலப் படுக்கைப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய என்-ஸ்கேலின் 1:150 அளவில் அதன் நீளம் 142 மி.மீ. மிக நீண்ட பெட்டியின் நீளத்தைப்போல் மும்மடங்கு ஆரம் வேண்டும் என்பது மாதிரி இரயில்காரர்களின் பழைய கைக்கணக்கு. அதன்படி 426 மி.மீ. தேவை. ஆனாலும் 282இல் அது தடம் புரளாமல் ஓடும். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் சுமார் 4 மி.மீ. துருத்தும். பக்கத்துத் தடத்தில் வேறொரு நீலப் பெட்டி வந்தாலும் நடுவே 5 மி.மீ. மிஞ்சும். 33 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

குறை நேர்ப்பாதையில் தெரிகிறது. 33 மி.மீ. என்றால் நிஜத்தில் ஏறக்குறைய 5 மீட்டர். 4 மீட்டர் இடைவெளியைக் காட்ட 27 மி.மீ. போதும். வளைவின் தேவைக்கு வைத்த அகலம் நிலையத்திலும் தொடர்வதால், இரு தடங்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விலகி நிற்கின்றன. நேர்ப்பாதையில் கடக்கும் இரயில்களின் வேகம் கண்ணுக்குத் தெரிவதே அவற்றின் நெருக்கத்தால்தான்; அந்த அழகு இங்கே போய்விடுகிறது. இது சின்னக் குறையல்ல.

அதற்காக எல்லா இடத்திலும் 27 வைத்தால், 282 வளைவில் பெட்டிகள் உரசிக்கொள்ளும். ஆரத்தை 600க்கு உயர்த்தினால் அதே 27இல் மூன்றரை மி.மீ. மிஞ்சும். ஆனால் அப்போது ஒரு திருப்பத்துக்கே 1.2 மீட்டர் அகலம் போய்விடும். தாமான் வரிசை வீட்டின் சிறிய அறையில் அது எளிதல்ல. நிஜ வளைவை அப்படியே சுருக்குவதோ நினைக்கவே முடியாது: 300 மீட்டர் ஆரமே 2 மீட்டராகிவிடும்.

ஆகவே ஒரே எண்ணை எங்கும் ஓட்டுவதைத்தான் கைவிட வேண்டும் என்பேன். கண் நிற்கும் முன்பக்கத்தில் கையால் வளைக்கக்கூடிய தண்டவாளத்தைக் கொண்டு 27 வைத்து, வளைவை நெருங்கும்போது சிறிது சிறிதாக 33க்கு விரிக்கலாம். இறுக்கமான ஆயத்த வளைவுகளை ஓர் எண்ணெய்ப்பனைச் சரிவுக்குப் பின்னால் மறைத்துவிடலாம். நேரிலிருந்து வளைவுக்குத் திடீரென்று திரும்பாமல் படிப்படியாக வளையும் ஒரு துண்டைச் சேர்த்தால், இணைப்பு இடத்தில் பெட்டி வெட்டித் திரும்புவதும் குறையும்.

இடம் அதற்கும் போதாதவர்களுக்கு என் பரிந்துரை பழைய ஒற்றைத் தடக் குளுவாங். அங்கே இரயில்கள் கடப்பது நிலையத்துக்குள் இருக்கும் நேரான விலகு தடத்தில் மட்டும். வளைவில் இரண்டு இரயில்கள் சந்திப்பதே இல்லை என்பதால் இடைவெளிக் கணக்கே எழாது. கிடைக்கும் அகலம் முழுவதையும் ஒரே தடத்தின் ஆரத்துக்குக் கொடுத்துவிடலாம்.