நீலத் தரையை வாசிக்கும் பையன்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில், மிளகும் சுக்கும் மணக்கும் கடைகளைத் தாண்டிப் போனால் கோடியில் பரதேசி ஜெப ஆலயம். 1568-ல் எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அந்தத் தரையின் குளிர்ச்சி முதலில் பாதத்துக்குத் தெரிகிறது, அழகு பிறகுதான் கண்ணுக்கு. வெள்ளையில் நீலம் தீட்டிய சீனப் பீங்கான் ஓடுகள். எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் 1762-ல் கான்டனிலிருந்து தருவித்தவை.

சல்மான் ருஷ்டியின் 'தி மூர்ஸ் லாஸ்ட் சை' (1995) நாவலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்தத் தரையில்தான். ஓடுகளில் உன் கதையும் இருக்கிறது, பொறுமையாகத் தேடினால் அகப்படும் என்கிறார்கள் சிலர். தலைமுறைக்குத் தலைமுறை படங்கள் மாறுகின்றன என்பது இன்னொரு நம்பிக்கை. எல்லாமே வருங்காலக் குறிப்புகள், பொருள் சொல்லும் திறவுகோல்தான் தொலைந்துவிட்டது என்கிறது மூன்றாவது பேச்சு. ருஷ்டி எதற்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் எவ்வளவு நயம்! அப்பன் வீட்டை விட்டுப் போய்விட்ட ஆபிரகாம் என்ற பையன் அந்த நீலத்துக்குள் அப்பனைத் தேடுகிறான். ஓடு மாறுகிறதா, பையனின் ஏக்கம் அதை மாற்றுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எழுதியிருக்கிறார். அதனாலேயே அந்த மாயத்தை நான் அப்படியே நம்புகிறேன்.

நிஜத் தரையும் அவருக்குச் சாட்சி சொல்கிறது. ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்பார்கள். குனிந்து பார்த்தால் வந்த வடிவங்களே திரும்ப வருகின்றன. ஆனால் எல்லாம் கையால் தீட்டியவை. ஓர் ஓட்டில் கிளை நுனியில் நீலம் திட்டாகத் தேங்கியிருக்கும். பக்கத்து ஓட்டில் அதே கிளை மயிரிழையாக ஓடி மறையும். தூரிகை தயங்கிய அந்த இடத்தில் ஒரு குழந்தைக்கு முகம் தெரியாதா என்ன?

இந்த ஆலயத்துக்கு இன்னொரு வாசிப்புப் பொருளும் உண்டு: கி.பி. 1000-ஐ ஒட்டி சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு. பல்லக்கு, குடை என்று 72 உரிமைகள், நம் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளில் காணும் அதே வட்டெழுத்தில். அதைப் படிக்க எழுத்து தெரிய வேண்டும். தரையைப் படிக்க ஏக்கம் போதும்.

நாவலில் ஆபிரகாம் குடும்பத்தின் மர்மமோ எழுத்தில்தான் உடைகிறது. ஆலயத்தைக் காத்துவரும் தாய் ஃப்ளோரி ஒளித்து வைத்த பெட்டியைத் திறக்கிறான், வளர்ந்துவிட்ட ஆபிரகாம். உள்ளே ஒரு பழைய கிரீடமும் ஸ்பானியக் கையெழுத்துப் பிரதியும். கிரானடாவை இழந்த கடைசி முஸ்லிம் மன்னன் போவாப்தில் வழியில் வந்த ரத்தம் தங்களுடையது என்று அதிலிருந்து வாசித்துக் காட்டுகிறான். கிறிஸ்தவப் பெண்ணை மணக்க வேண்டாம் என்று மகனைத் தடுத்த தாய்க்கு, அவள் காத்த ஏடே பதில் சொல்லிவிடுகிறது.