கைத்தட்டலும் ஒரு வாத்தியம்

முதலில் சிறு முரசின் படபடப்பு. பிறகு மொத்த வாத்தியக் குழுவும் ஒரே பாய்ச்சல். ராடெட்ஸ்கி மார்ச் தொடங்கிவிட்டது.

1848 ஜூலையில் குஸ்தோசாவில் வென்ற ஆஸ்திரியத் தளபதி ராடெட்ஸ்கிக்காக, மூத்த யோஹான் ஸ்ட்ராஸ் எழுதிய அணிவகுப்பு இசை இது. அந்த ஆண்டுப் புரட்சியில் அப்பா அரசர் பக்கம், மகன் புரட்சிக்காரர் பக்கம். வீட்டுச் சண்டையை விடுங்கள், இசையைக் கேட்போம்.

டி மேஜர். நம் காதுக்குச் சங்கராபரணத்தின் ஸ்வர வரிசை, கமகம் இல்லாமல், சட்டை மடிப்பு கலையாமல். தாளம் இடது, வலது என்று இரண்டே அடி. ஆனால் மெட்டு பூட்ஸ் காலில் நடப்பதில்லை, குதிரை துள்ளுவதைப் போலத் துள்ளுகிறது. நடுவில் வரும் ட்ரையோ பகுதியில் சுருதி ஏ மேஜருக்கு நகரும். போர்க்களம் மறைந்து வியன்னாவின் நடனக்கூடம் எட்டிப் பார்க்கும். எனக்கு இதில் வீரத்தைவிடக் குறும்புதான் அதிகம் கேட்கிறது.

வியன்னா பில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரி வழக்கமாக இதோடுதான் முடியும். நடத்துநர் குழுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சபையின் கைத்தட்டலையே நடத்துவார்: மெட்டு தணிந்தால் மெதுவாக, ஓங்கினால் பலமாக. பெரியவர்கள் குழந்தைகளாகி, விட்டால் வேகத்தையே கூட்டிவிடுவார்கள்.

2005 ஜனவரி 1 அன்று மட்டும் அதை வாசிக்கவில்லை. ஆறு நாள் முன்புதான் நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் கடல் ஊருக்குள் புகுந்திருந்தது.